வந்த கருவியும் வராத ஆசிரியரும்: தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிதி

1. கேள்வி

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலிருந்து அண்மை ஆண்டுகளில் வெளிவந்த அறிவியல் கட்டுரைகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள், கடைசிப் பக்கத்து நன்றியுரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருக்கலாம். ரூசா என்ற உயர்கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்ட நிதிக்கு நன்றி, கடித எண் இன்னது, நாள் 09.10.2018 என்று அந்த வரி சொல்லும். துறை நானோ அறிவியலாக இருக்கும், உயிரித் தொழில்நுட்பமாக இருக்கும், உயிர்த்தகவலியலாகவும் இருக்கும். ஆணை எண் மட்டும் மாறாது. ஒரே அரசாணையிலிருந்து பல துறைகளுக்குப் பணம் போயிருக்கிறது, கட்டுரைகளும் வந்திருக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் காசு கொடுத்தால் வீணாகத்தான் போகும் என்பவர்களுக்கு இது போதுமான பதில்.

ஆனால் அடுத்த கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. ஒரு திட்டத்தின் காலம் முடிந்த பிறகு எது மிஞ்சுகிறது? கட்டுரை எண்ணிக்கை ஒரு விளைவு. ஆய்வுத்திறன் என்பது, திட்டம் முடிந்த பின்னும் ஒரு துறை புதிய கேள்விகளை எழுப்பி, அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து, அடுத்த தலைமுறை ஆய்வாளரை உருவாக்கும் நிலையில் இருப்பது. அரசு நிதி இந்தத் திறனைக் கட்டுகிறதா, அல்லது சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்துத் தருகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்நாட்டு அரசின் பல்கலைக்கழகங்களை, குறிப்பாகக் கலை அறிவியல் பல்கலைக்கழகங்களை, முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்டு இதை ஆராயலாம். ஒப்பீட்டுக்கு அமெரிக்க மாநிலங்களின் அனுபவம் ஒன்றும் பின்னால் வரும்.

2. பணம் வரும் வழிகள்

1976-இன் 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் அதற்கு முன்பிருந்தே ஒன்றியப் பட்டியலின் 66-ஆம் பதிவில் இருக்கிறது. நடைமுறையில் உருவான வேலைப்பிரிவினை இதுதான்: பல்கலைக்கழகத்தைத் தொடங்குவதும் சம்பளம் கொடுப்பதும் மாநிலத்தின் பொறுப்பு, ஆய்வுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் தில்லியின் பொறுப்பு.

மாநிலப் பணம் ‘தொகுப்பு மானியம்’ என்ற பெயரில் வருகிறது. ஏற்கத்தக்க செலவு எது என்பதை உள்ளாட்சி நிதித் தணிக்கை தீர்மானிக்கும்; தணிக்கை ஆட்சேபம் எழுப்பிய தொகை மானியத்தில் குறையும். மீதியைப் பல்கலைக்கழகமே இணைவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி ஆகியவற்றிலிருந்து திரட்டிக்கொள்ள வேண்டும். இந்தச் சொந்த வருவாய் படிப்படியாகச் சுருங்கியது. 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். பொறியியல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனது. மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் தனிப் பல்கலைக்கழகங்கள் வந்தன. வட மாவட்டக் கல்லூரிகள் 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் பிரிந்தன. ஒவ்வொரு பிரிவினையும் நிர்வாக நோக்கில் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் கட்டணம் கட்டும் கல்லூரிகள் குறைந்தன, ஓய்வூதியப் பொறுப்பு அப்படியே நின்றது. 2024-இன் தொடக்கத்தில் வருமான வரி நிலுவைக்காக அப்பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டன. தன் செலவில் பாதிக்கும் குறைவாகவே அரசிடமிருந்து பெறும் நிறுவனத்துக்கு அரசு நிறுவனத்துக்குரிய வரிவிலக்கு உண்டா என்பதே அங்கு எழுந்த வழக்கு. மாநிலம் கைவிட்டதற்கான தண்டனையை ஒன்றியம் விதித்தது போல அது அமைந்தது.

தில்லிப் பணம் பல பெயர்களில் வந்திருக்கிறது. 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய உயராய்வு மையத் திட்டம், அதன் பின் சிறப்பு உதவித் திட்டம், 2000-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கிய ஃபிஸ்ட், 2009-இல் பர்ஸ், 2013-இல் ரூசா என்று பட்டியல் நீளும். 2017-இல் 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, மாநிலப் பல்கலைக்கழகங்கள் மானியக் குழுவிடமிருந்து திட்டக்காலந்தோறும் பெற்றுவந்த வளர்ச்சி நிதியும் வற்றியது. ரூசா அந்த இடத்தை நிரப்ப வந்தது: மத்திய அரசு 60 விழுக்காடு, மாநில அரசு 40 விழுக்காடு, பணம் மாநில அரசு வழியாக. 2023-இல் அது பி.எம்.-உஷா என்று பெயர் மாறியபோது, புதிய கல்விக்கொள்கையை நிறைவேற்றும் உறுதிமொழி ஒப்பந்தத்துக்குள் வந்து சேர்ந்தது. அக்கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டுக்கு, கொள்கை வேறுபாடு நிதிக்கான தடையாக மாறியது இங்குதான்.

3. இருவேறு விளக்கங்கள்

மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு ஏன் மெலிந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, நிதிக் குவிப்பு. விடுதலைக்குப் பிந்தைய இந்தியா ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனி ஆய்வகங்களில் வைத்தது. இயற்பியலாளர் மேகநாத் சாகா அன்றே இதை எதிர்த்தார். 2009-இல் உயர்கல்வி குறித்த யஷ்பால் குழுவும் இந்தப் பிரிவினையைத்தான் நோயின் வேராகக் காட்டியது. எண்களும் இதற்குத் துணை நிற்கின்றன. 2020-21-இல் நாட்டின் ஆய்வு வளர்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, அதில் உயர்கல்வித் துறையின் பங்கு 8.8 விழுக்காடு மட்டுமே. 2023-இல் தேசிய ஆய்வு அறக்கட்டளை மசோதாவை முன்வைத்தபோது மத்திய அமைச்சரே சொன்ன கணக்கு இன்னும் கூர்மையானது. அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் முதன்மை ஆய்வு மானியத்தில் சுமார் 65 விழுக்காட்டை ஐ.ஐ.டி.கள் பெற்றன, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது 11 விழுக்காடு. நிதி ஆயோக் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 81 விழுக்காட்டினர் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்து படிக்கிறார்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது விளக்கம் குற்றத்தை உள்ளே தேடுகிறது. பணம் தகுதி பார்த்துத்தான் போகிறது. விண்ணப்பம் நன்றாக இருந்தால் எந்த ஊருக்கும் நிதி வரும். நியமனத்தில் ஊழலும் பாடத்திட்டத்தில் தேக்கமும் உள்ள இடத்தில் பணத்தைக் கொட்டி என்ன பயன் என்று அது கேட்கிறது. இதைப் புறந்தள்ள முடியாது. 2018 பிப்ரவரியில் கோவையில் பதவியிலிருந்த ஒரு துணைவேந்தரே, உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் வாங்கியதாகக் கையும் களவுமாகப் பிடிபட்டுக் கைதானார்.

இரண்டு விளக்கங்களும் பாதி உண்மைகள். முதலாவது, தில்லியில் கிடைக்கும் பணத்தை மட்டும் அளக்கிறது. அந்தப் பணத்தைப் பெறுவதற்கான தகுதியை மாநிலம்தான் உருவாக்க வேண்டும் என்பதை அது பேசுவதில்லை. இரண்டாவது, தகுதியைத் தனிமனிதப் பண்பாகப் பார்க்கிறது. தகுதிக்கும் ஒரு நிதி வரலாறு உண்டு என்பதை அது மறந்துவிடுகிறது. அந்த வரலாற்றைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம்.

4. கிண்டியும் நாகமலையும்

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குப் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. பரிந்துரைத்தவர் சி.வி. ராமன், நியமித்தவர் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார். ராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் எக்ஸ்-கதிர்ப் படிகவியலுக்கான ஆய்வகத்தை அமைத்தார். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது விடுபடாத புதிராக இருந்தது. அதற்கான மாதிரிகள் பக்கத்திலேயே, 1948-இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிடைத்தன. கங்காருவின் வால் தசைநாண் அவற்றில் ஒன்று. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து அவர் முன்வைத்த மும்முறுக்கு அமைப்பு 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரையின் வரைபடம் இன்று உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரோடு இருக்கிறது. அதற்கான கணக்குகள் மேசைக் கணக்குப்பொறியில் போடப்பட்டவை.

இந்தக் கதை வழக்கமாக மேதைமையின் கதையாகச் சொல்லப்படுகிறது. நிதியின் கோணத்தில் பார்த்தால் வேறு சில கூறுகள் தெரிகின்றன. நிரந்தரப் பேராசிரியர் பணியிடம் ஒன்று இருந்தது. இளையவர் ஒருவரைத் துணிந்து அமர்த்தும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் ஒருவரே துணைவேந்தராக இருந்ததால் முடிவுகளுக்குத் தொடர்ச்சி இருந்தது. மானியக் குழுவின் உயராய்வு மையத் தகுதியும் நிதியும் 1960-களில்தான் வந்தன. அதாவது மாநிலப் பல்கலைக்கழகம் முதலில் ஆளை அமர்த்தியது. தில்லியின் திட்டப் பணம் பின்னால் வந்து வலுச் சேர்த்தது. முதலியார் பதவி விலகிய பின் சூழல் மாறியது. 1970-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூருக்குப் போய் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். திறன் கட்டடத்தில் இல்லை, ஆளோடு இடம்பெயரும் என்பதற்கும் அதே கதைதான் சான்று.

மதுரைக் கதை இன்னும் எளியது. 1966-இல் தொடங்கப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம் தன் முதல் பத்தாண்டுகளிலேயே உயிரியலில் பேர் வாங்கியது. 1970-களின் நடுவில் ஜெர்மனியிலிருந்து திரும்பிய எம்.கே. சந்திரசேகரன் அங்கே உயிர்க் கடிகார ஆய்வைத் தொடங்கினார். நாகமலை வளாகத்துக்கு அருகில், கீழக்குயில்குடி சமணர் மலைக் குகையில் வௌவால் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. பகலிரவு தெரியாத இருட்டில் சில வௌவால்களைக் கூண்டிலிட்டு, அவற்றின் அசைவைப் பதிவுசெய்தார்கள். வெளிச்சமே படாவிட்டாலும், வெளியே பறந்துபோய்த் திரும்பும் கூட்டத்தின் நேர ஒழுங்கையே கூண்டில் அடைபட்ட வௌவால்களும் பின்பற்றின. சமூகத் தொடர்பே உயிர்க் கடிகாரத்தைச் சரிசெய்யக்கூடும் என்ற முடிவு 1978-இல் ஜெர்மன் அறிவியல் இதழ் ஒன்றில் வெளியானது. கட்டுரையில் சந்திரசேகரனுடன் பெயர் இருந்த மாரிமுத்து, சுப்பராஜ் இருவரும் அங்கே உருவான ஆய்வாளர்கள்.

இந்த ஆய்வின் பெருஞ்செலவு எது? குகைக்கு வாடகை இல்லை. அசைவைப் பதியும் கருவி எளியது. செலவானது காலம்: ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வேலையில் நீடிக்கும் ஆசிரியர், அவரிடம் பயிற்சி பெறும் மாணவர், அடுத்த ஆண்டும் அதே குகைக்குப் போகலாம் என்ற உறுதி. இதைத் திட்ட நிதியால் வாங்க முடியாது. பணியிட நிதியால்தான் முடியும்.

5. காலியிடத்தின் கணக்கு

இன்றைய நிலைமையின் மையத்தில் இருப்பது காலிப் பணியிடம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படவில்லை என்று நிதி ஆயோக் அறிக்கை நாடு முழுமைக்கும் சொல்கிறது. இதைப் பொதுவாகக் கற்பித்தல் பிரச்சினையாகவே பேசுகிறோம். வகுப்பைக் கௌரவ விரிவுரையாளர் எடுத்துவிடுவார், ஆகவே சமாளிக்கலாம் என்ற எண்ணம் நிதித் துறையிலும் இருக்கிறது. ஆய்வுக்கு இது பொருந்தாது. ஏன் என்பதை விதிகளின் வரிசையிலேயே காணலாம்.

முதலில், ஆய்வுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும் என்பது மத்திய நிதி அமைப்புகளின் வழக்கமான நிபந்தனை. காலியிடம் விண்ணப்பிக்காது. அந்த இடத்தில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர், எத்தனை கட்டுரை எழுதியிருந்தாலும், விண்ணப்பிக்க முடியாது.

அடுத்து, நெறியாளர் விதி. மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் முனைவர் பட்டத்துக்கு நெறியாளராக இருக்கலாம். ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், நான்கு உதவிப் பேராசிரியர் கொண்ட துறையைக் கற்பனை செய்தால் 36 ஆய்வாளருக்கு அங்கே இடம் உண்டு. மேலிருந்த மூவரும் உதவிப் பேராசிரியர் இருவரும் ஓய்வுபெற்று, யாரும் நியமிக்கப்படாவிட்டால் 8 இடம்தான் மிஞ்சும். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது என்பதால், இழப்பு ஓய்வு நாளுக்கு முன்பே தொடங்கிவிடும்.

மூன்றாவது, தரவரிசை. தேசியத் தரவரிசைக்கும் நாக் அமைப்பின் தர மதிப்பீட்டுக்கும் நிரந்தர ஆசிரியர் எண்ணிக்கை முக்கியமான அளவுகோல். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை, வலுவான நிறுவனம் ஒன்றை மையமாக்கி வளரும் பல்கலைக்கழகங்களை அதோடு இணைக்கும் ‘பேர்’ திட்டத்தை 2024-இல் அறிவித்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களை மனத்தில் வைத்தே வந்த திட்டம் அது. ஆனால் அதில் நுழையவும் தரவரிசை வேண்டும். காலியிடம் தரவரிசையைக் குறைக்கிறது, தரவரிசை நிதியைக் குறைக்கிறது, நிதிக் குறைவு நல்ல ஆசிரியரை வரவிடாமல் செய்கிறது.

இதில் ஆட்களின் வாழ்க்கைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளரின் மாத ஊதியம் 2023-இல் 20,000-த்திலிருந்து 25,000 ஆனது. அந்த உதவித்தொகையில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர், பட்டம் வாங்கிய பிறகு மாணவராக இருந்தபோது பெற்றதைவிடக் குறைவாகப் பெறுகிறார். ஆய்வாளரை உருவாக்க மத்திய அரசு செலவிடுகிறது. உருவான ஆய்வாளரை மாநிலம் அரைச் சம்பளத்தில் வைத்திருக்கிறது.

ஆக, ஆசிரியர் இடத்தை நிரப்பாமல் மிச்சம் பிடிக்கும் சம்பளம் மிச்சமே இல்லை. வரக்கூடிய திட்ட நிதி, மேற்செலவுத் தொகை, உதவித்தொகையோடு வரும் மாணவர் என்று மூன்று வழிகளில் அது இழக்கப்படுகிறது. இந்த இழப்பு எந்த வரவுசெலவு அறிக்கையிலும் ஏறுவதில்லை. அதனால்தான் அது அரசியலாவதுமில்லை.

6. கருவியின் ஆயுள்

திட்ட நிதி எளிதாகச் செலவாகும் இடம் கருவி. கட்டடமும் கருவியும் திறப்பு விழாவுக்கு உகந்தவை. பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரே வரியில் அடங்குபவை. ஆனால் கருவிக்கு ஒரு ஆயுள் உண்டு, அந்த ஆயுளுக்குச் செலவு உண்டு.

அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானியை எடுத்துக்கொள்வோம்; ஆய்வகத்தில் என்.எம்.ஆர். என்றே சொல்வார்கள். வேதியியல் துறைக்கு அது அடிப்படைத் தேவை. அதன் மீக்கடத்துக் காந்தம் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன் உறை. நைட்ரஜனை வாரந்தோறும் நிரப்ப வேண்டும், ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. இந்தியா ஹீலியத்தை இறக்குமதி செய்கிறது; விலை உலகச் சந்தையைப் பொறுத்தது. ஒருமுறை நிரப்பத் தவறினால் காந்தம் குளிரிழந்து ஹீலியம் முழுவதும் ஆவியாகும். மறுபடி குளிர்விக்க நிறுவனப் பொறியாளர் வர வேண்டும். கருவியை இயக்கத் தெரிந்த தொழில்நுட்பர் வேண்டும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., வேண்டும், தடையில்லா மின்சாரமும் வேண்டும். திட்டக் காலத்தில் இவற்றுக்கு ஓரளவு இடமிருக்கும். திட்டம் முடிந்த மறுநாள் இவை பல்கலைக்கழகத்தின் பொது நிதியில் வந்து விழும். மாதச் சம்பளத்துக்கே திண்டாடும் பல்கலைக்கழகத்தில் ஹீலியத்துக்கான கோப்பு எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வாங்கும் முறையும் காலத்தைத் தின்கிறது. மத்திய நிதிக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். மாநில நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் உண்டு. தவணை தாமதமாக வரும். மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும். செலவாகாத தொகை திரும்பும். செலவுக் கணக்கு போகாமல் அடுத்த தவணை வராது. 2025 ஜூனில் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கான கொள்முதல் வரம்புகளைத் தளர்த்தியது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கு இணையான தளர்வு தேவை.

கையெழுத்திட ஆளில்லாத சிக்கல் வேறு. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான மோதலில், 2025 வாக்கில் தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தரின்றி, ஒருங்கிணைப்புக் குழுக்களால் நடத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம் ஆளுநர் நிறுத்திவைத்த மாநில மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றில் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசியலமைப்பு நோக்கில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஆய்வுத் துறையைப் பொறுத்தவரை, மூன்றாண்டுக்கான முடிவை எடுக்கும் துணிவு தற்காலிகக் குழுவுக்கு வராது என்பது போதும்.

7. அமெரிக்க மாநிலங்களின் பாடம்

குவிப்பா பரவலா என்ற வழக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்காவில் இதே சண்டை நடந்தது. போர்க்கால அறிவியல் நிர்வாகி வெனிவர் புஷ் தகுதி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ள விரும்பினார். மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஹார்லி கில்கோர் பணத்தில் ஒரு பகுதி மாநிலங்களுக்குப் பரவ வேண்டும் என்றார். 1947-இல் ஒரு மசோதாவைத் தள்ளுபடி செய்த அதிபர் ட்ரூமன், தேசிய அறிவியல் அறக்கட்டளைச் சட்டத்தில் 1950 மே 10-இல் ஐடஹோ மாநிலத்தின் பொகடெல்லோ நகரில் கையெழுத்திட்டார். நிதி ஓரிடத்தில் அளவுமீறிக் குவியாமல் பார்க்க வேண்டும் என்ற வாசகம் சட்டத்தில் இடம்பெற்றது. நடைமுறையில் புஷ்ஷின் வழியே வென்றது.

1970-களின் இறுதியில்தான் அந்த வாசகத்துக்கு உயிர் வந்தது. எப்ஸ்கோர் என்ற திட்டம் ஆர்கன்சா, மெயின், மொன்டானா, தென் கரோலைனா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஐந்து மாநிலங்களோடு தொடங்கியது. சட்டம் கையெழுத்தான ஐடஹோவே பின்னர் உதவி பெறும் பட்டியலில் சேர்ந்தது. தகுதி மாநிலத்துக்கு, ஆனால் அந்த மாநிலத்துக்குள் விண்ணப்பம் தரத்தின் அடிப்படையில் மதிப்பிடப்படும். மாநிலம் குழு அமைக்க வேண்டும். அதன் பெரிய உள்கட்டமைப்பு மானியங்களுக்கு மாநிலத் தரப்பும் 20 விழுக்காடு பங்கு போட வேண்டியிருந்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அறக்கட்டளையின் ஆய்வு நிதியில் 20 விழுக்காட்டை 2029-க்குள் இத்தகைய மாநிலங்களுக்கு எட்டச் செய்யும் இலக்கை வைத்தது. விமர்சனமும் உண்டு: நாற்பதாண்டுக்குப் பின்னும் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் பட்டியலில் நீடிக்கின்றன. குவிப்பின் வலிமை ஒதுக்கீட்டால் மட்டும் உடைவதில்லை.

மாநிலமே முன்வந்த சான்று கென்டக்கி. 1997-இல் ஆளுநர் பால் பேட்டன் கொண்டுவந்த உயர்கல்விச் சீர்திருத்தத்தின் பகுதியாக, ‘மூளைக்குப் பணம்’ என்ற பொருளில் செல்லப்பெயர் பெற்ற திட்டம் உருவானது. தனியார் நன்கொடை ஒரு டாலர் வந்தால் மாநிலம் ஒரு டாலர் போடும். இரண்டும் நிரந்தர வைப்பாகும். வருவாயிலிருந்து ஆய்வுப் பேராசிரியர் இருக்கைகள் நடக்கும். கருவிக்குக் கொடுப்பதை விட்டு ஆளுக்குக் கொடுத்தது, அதையும் ஆண்டு வரவுசெலவுக்கு எட்டாத வைப்பில் போட்டது இதன் சிறப்பு. ஆனால் 2020-க்குள் நாட்டின் முதல் 20 பொது ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றாக வேண்டும் என்று கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு விதித்த இலக்கு எட்டப்படவில்லை. 2008 நெருக்கடிக்குப் பின் மாநிலத்தின் வழக்கமான மானியம் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். சிறப்பு நிதி ஏறும்போது அடிப்படை நிதி இறங்கினால் ஏறியது தெரியாது.

8. இரண்டு மறுப்புகள்

ஐ.ஐ.டி.யும் தனியார் பல்கலைக்கழகங்களும் தமிழ்நாட்டிலேயே இருக்க, எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு எதற்கு என்பது முதல் மறுப்பு. 2021-22-இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. இந்தச் சாதனையைத் தாங்கி நிற்பவற்றில் அரசுக் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் முக்கியமானவை. அங்கே படிப்பவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அவர்களுக்குக் கற்பிப்பவர் ஆய்வு செய்யாதவராக இருந்தால், சேர்க்கையில் பெற்ற சமத்துவம் அறிவில் வராது. மேலும் சமணர் மலைக் குகை, காவிரிப் படுகையின் மண், மன்னார் வளைகுடாவின் கடலடி ஆகியவற்றுக்கு அருகிலிருந்து ஆண்டுதோறும் பார்க்கும் துறை வேண்டும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: பணியிடம் நிரப்பினால் மட்டும் ஆய்வு வந்துவிடுமா? வராது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமே அதற்குச் சான்று. அளவுக்கு மீறிய நியமனங்களால் நிதி நெருக்கடிக்கு உள்ளான அதை 2013-இல் அரசு ஏற்றது; தேவைக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே கேட்க வேண்டியது எண்ணிக்கையை மட்டுமில்லை, தேர்வு முறையையும்தான். வெளி மாநில வல்லுநர் பங்கேற்கும் தேர்வுக் குழு, வெளியிடப்படும் மதிப்பெண், இடஒதுக்கீட்டுச் சுழற்சியைப் பிழையின்றிப் பின்பற்றும் அறிவிக்கை ஆகியவை இல்லாமல் நிரப்பப்படும் இடம் இன்னொரு முப்பதாண்டுக் காலியிடம்.

9. முடிவாக

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பெறப்படுவது இது: ஆய்வுத்திறன் கட்டப்படும் இடம், தில்லியின் திட்ட நிதியும் மாநிலத்தின் பணியிட நிதியும் சேரும் சந்திப்பு. இன்று இரண்டும் தனித்தனியே நடக்கின்றன. தில்லி கருவிக்குக் கொடுத்துவிட்டு ஆளைப் பற்றிக் கேட்பதில்லை. சென்னை ஆளை அமர்த்தாமல் கருவி வந்ததற்கு மகிழ்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய சட்டம் தேவையில்லை. மத்தியத் திட்டம் ஒன்றை ஏற்கும்போதே, சம்பந்தப்பட்ட துறையின் காலியிடங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் நிரப்புவதாகவும், திட்டம் முடிந்த பின் பராமரிப்புக்கு ஒதுக்குவதாகவும் மாநிலம் அரசாணையில் உறுதி தரலாம். மத்திய அரசும் கொள்கை உறுதிமொழி கேட்பதை விட்டு, இந்த உறுதிமொழியைக் கேட்கலாம். விலையுயர்ந்த கருவிகளைத் துறைக்கொன்றாக வாங்காமல், மண்டலத்துக்கொரு பொது மையத்தில் நிரந்தரத் தொழில்நுட்பரோடு வைக்கலாம். தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது. அண்மையில் முதலமைச்சர் ஆய்வு உதவித்தொகையும் வந்திருக்கிறது. உதவித்தொகை பெறும் மாணவருக்கு நெறியாளர் வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் அந்த முயற்சியும் பொருள்படும்.

நிதிக் குவிப்புக்கு எதிராகத் தில்லியிடம் வழக்காடும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. 11 விழுக்காடு என்ற எண் அந்த வழக்கின் வலுவான ஆவணம். ஆனால் பணியிடம், தேர்வுக் குழு, தொகுப்பு மானியம் மூன்றும் சென்னையின் கையில் இருப்பவை. அவற்றைச் சரிசெய்யும் வரை, எந்த அறக்கட்டளை எவ்வளவு கொடுத்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ள கை நம்மிடம் குறைந்துகொண்டேதான் போகும்.